அவித்த மாவும் பேரிக்காயும்

சித்தப்பா பிரான்சிலிருந்து வந்திறங்கியபோது எனக்குப் பத்து வயது. அதுவரை அவரை நான் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். அதில் அவருக்கு நெற்றியும் மூக்கும் மட்டுந்தான் இருந்தன. நேரில் வந்தவருக்கு வயிறும் இருந்தது, வெட்கமும் இருந்தது. அங்கே இருக்க அனுமதி கிடைக்கப் பன்னிரண்டு வருடம் சென்றுவிட்டதாம். கிடைத்த கையோடு கலியாணம் செய்ய வந்திருக்கிறார் என்று அம்மா எங்கள் ஊரான கரம்பொன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நான் என் பங்குக்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். நான் சொன்னது கலியாணக் கதையல்ல. என் சித்தப்பா பாரிசில் பெரிய சமையல்காரர், அவர் கைச்சமையலுக்கு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று. வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருந்தவளின் மாமா கனடாவில் லொறி ஓட்டுகிறவர். லொறியை விடச் சமையல் எவ்வளவோ மேல் என்று நானே தீர்ப்பும் கொடுத்திருந்தேன்.

உண்மை என்னவென்றால், சித்தப்பா அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமும் அதே தொட்டி, அதே வேலை. எங்கள் வீட்டில் இது தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். இதில் யாரும் திட்டம் போட்டுப் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. குசினியில் வேலை என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னார், அது சத்தியமான உண்மை. குசினியில் நிற்கிறவர் சமைக்கிறவர்தானே என்று அம்மா முடிவு கட்டினார். அம்மா சொன்னதைக் கலியாணத் தரகர் இன்னும் கொஞ்சம் ஊதிப் பெருப்பித்தார். வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு சித்தப்பா நிற்கிற படம் ஒன்று அவர் கையில் அகப்பட்ட பிறகு வேறு சாட்சி எதற்கு? சித்தப்பா செய்த பிழை, நடுவில் ஒரு தரமாவது இல்லை என்று வாய் திறக்காததுதான்.

தரகர் கொண்டுவந்த பெண் மண்டைதீவு. முன்பள்ளி ஆசிரியை, முப்பத்திரண்டு வயது. தகப்பன் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அப்பாவுக்குச் சந்தையில் முகம் பழக்கம். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் மாதா கோயில் பூசைக்குப் போய்ப் பெண்ணைத் தூரத்திலிருந்து பார்த்தார். பூசை முழுக்க அந்தப் பெண் தன்னைச் சுற்றியிருந்த ஏழெட்டுக் குஞ்சுகளை வாயில் விரல் வைத்தே அடக்கிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்த சித்தப்பா தேநீரை ஆறவிட்டுவிட்டுக் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவவைத் தவிர வேறு ஆளைப் பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார். அவ்வளவு நீளமான வசனத்தை அவர் பேசியதை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுகிழமை தரகர் ஒரு செய்தியோடு வந்தார். பெண் வீட்டார் வருகிற ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வழக்கமில்லாத வழக்கமாகப் பெண்ணும் கூட வருகிறார். இன்னுமொன்று, மாப்பிள்ளை தன் கையால் செய்த ஏதாவது ஒன்றைச் சாப்பிட வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாராம். தரகர் இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் துள்ளினேன். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்தப்பாவுக்கு முட்டை அவிக்கவே தெரியாது. ஆனால் ஒரேயொரு சாப்பாட்டை அவர் அடியிலிருந்து நுனிவரை அறிந்திருந்தார். கிறம்பிள் என்று அதற்குப் பெயர். பேரிக்காயைச் சீனிப்பாகில் போட்டு, மேலே மாவும் பட்டரும் பிசறித் தூவி, சூட்டில் வேகவைத்து எடுக்கிற இனிப்பு. மற்றச் சாப்பாடெல்லாம் அவரிடம் வரும்போது எச்சில் கோப்பையில் குழம்பிக் கலங்கி வரும். இது மட்டும் சுட்ட தட்டோடு வரும். அடியில் ஒட்டிப் பிடித்த பாகு, அதன்மேல் பழம், அதன்மேல் மொறுமொறு என்று மா; சுரண்டிச் சுரண்டியே அவர் அதைப் படித்திருந்தார். மூலையில் மிஞ்சுகிற துண்டைச் சில நாள் சாப்பிட்டும் இருக்கிறார். அந்தத் துணிச்சலில் இறங்கினார்.

யாழ்ப்பாணத்துச் சுப்பர்மார்க்கெற் ஒன்றில் எட்டுப் பேரிக்காய் வாங்கி வந்தார். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பஞ்சுச் சட்டை போட்டிருந்தது. பழமா அது, கல்லு. அம்மா எட்டையும் அரிசிக்குள் புதைத்து மூடினார். மாங்காய்க்குச் சரியென்றால் இதற்கும் சரிதானே என்பது அவருடைய கணக்கு. சனிக்கிழமை இரவு அரிசிக்குள் கை விட்டபோது குசினி முழுக்க வாசம் வந்தது. எனக்கு அப்போதே கலியாணம் முடிந்த மாதிரி இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா அம்மாவைக் குசினியிலிருந்து மரியாதையாக வெளியேற்றினார். பக்கத்தில் ஆள் நின்றால் தனக்கு வேலை ஓடாதாம். தன் குசினியிலிருந்து தன்னையே போகச் சொன்ன மனக்குறையோடு அம்மா அயல்வீட்டு அடுப்பில் ரோல்ஸ் பொரிக்கப் போனார். வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் போனார். சித்தப்பாவின் சமையலில் அவருக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். குசினியில் நானும் சித்தப்பாவும் மிஞ்சினோம். அவருக்கு என்னென்ன எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணம்.

பேரிக்காயின் தோலைச் சீவச் சொன்னால் அவர் தோலோடு பாதிப் பழத்தையும் சீவினார். சீனியை அடுப்பில் வைத்தார். அது கறுத்துப் புகைந்தது. இரண்டாந் தரம் கிண்டிக் கிண்டியே அதைக் குறுணிக் கல்லாக்கினார். ஒவ்வொரு தரமும் அந்தச் சட்டியை அவர் கழுவிய வேகம் இருக்கிறதே, நான் வாய் பிளந்து பார்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றி, பொறுத்திருந்து, சிரட்டைத் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றினார், சட்டி கடையில் வாங்கின மாதிரி மின்னியது. பாரிசில் பெரிய சமையல்காரர்கள் இப்படித்தான் கழுவுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாந் தரம் சீனி உருகித் தேன் நிறத்துக்கு வந்தது. பட்டரைப் போட்டார். பொங்கி அடங்கியது. அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு மா கேட்டார். எங்கள் குசினியில் ஒரே மாதிரி இரண்டு பழைய பால்மாத் தகர ரின்கள் இருந்தன. ஒன்றில் பச்சைக் கோதுமை மா. மற்றதில் அவித்த மா. அதாவது பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைத்திருக்கிற மா. பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பாரிசில் இருந்தேன். கைக்கு எட்டிய ரின்னை எடுத்து நீட்டினேன்.

சித்தப்பா அதை ஓட்சோடும் பட்டரோடும் சேர்த்து விரல் நுனியால் பிசறினார். கட்டி கட்டியாக வர வேண்டும், வருகுதில்லையே என்று முணுமுணுத்தார். அவிந்து செத்த மா எப்படிக் கட்டிபடும்? அது தன்பாட்டில் மணலாக உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்துக் குழைத்தால் குறுணி குறுணியாக வரும், அம்மா அப்படித்தான் செய்கிறவர் என்றேன். அம்மா அப்படிச் செய்வது பிட்டுக்கு என்பதை நான் சொல்லவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. சித்தப்பா தெளித்தார். உடனே அழகான குறுணிகள் விழுந்தன. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

வீட்டில் சுடுவதற்கு வசதி இல்லை. எங்கள் ஊரில் நத்தார்க் கேக்கைப் பேக்கரிக்குக் கொண்டுபோய்ப் பாண் சுடுகிற போறணை அடுப்பில் வைத்து எடுப்பதுதான் வழக்கம். தட்டைத் துணியால் மூடி நான் மடியில் வைத்துக்கொள்ள, சித்தப்பா மோட்டார் சைக்கிளை உருட்டாத குறையாக ஓட்டிப் போனார். மத்தியானப் பாண் இறக்கி முடிந்து போறணை நல்ல பதமான சூட்டில் இருந்தது. பேக்கரிக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

"பிட்டை அவிக்கிறதெல்லோ," என்றார். "நீங்கள் என்ன, சுடப் போறியளோ?"

சித்தப்பா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். எனக்குத்தான் பகீர் என்றது. தட்டைப் பார்த்தேன். பிட்டு. தேங்காய்ப்பூ மட்டுந்தான் குறை. இரண்டு ரின்களும் கண் முன்னே வந்து நின்றன. அதற்குள் தட்டு நீளக் கட்டையில் ஏறிப் போறணைக்குள் போய்விட்டது. சித்தப்பா அதன் வாயடியில் குந்தியிருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, மந்திரமா மன்றாட்டா தெரியவில்லை. அந்த முகத்துக்கு நான் எப்படிச் சொல்வேன்? நாற்பது நிமிடமும் அங்கே அடுக்கியிருந்த பாணை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் பாகு கொதித்துக் குமிழி விட்டது. வாசம் என்றால் அப்படியொரு வாசம். பாண் வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவேளை கர்த்தர் பெரிய மனது பண்ணி மாவை மாற்றியிருப்பாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெண், தகப்பன், பெண்ணின் மாமி ஒருவர், தரகர். பெண் நீலச் சேலை கட்டி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். என்னைப் பார்த்து ஒரு தரம் கண் சிமிட்டினார். சித்தப்பா இளஞ்சூடான தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு கோப்பையிலும் அளந்து வைத்தார். பெண்ணுக்கு வைக்கும்போது கரண்டி கோப்பையில் பட்டுச் சத்தம் போட்டது. அப்பா சுவரில் தொங்கிய கலண்டரைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

எல்லாரும் கரண்டியை எடுத்தார்கள். பழம் நன்றாக வெந்து பாகில் ஊறியிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மேலேதான் வினை. குறுணி குறுணியாக, வாயில் உருள்கிற, மேற்புறம் சிவந்த பிட்டு. தரகர் இரண்டு தரம் மென்றுவிட்டு நிறுத்தினார். ரோல்ஸ் கோப்பையோடு வாசலில் நின்ற அம்மா மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பார்வை நேரே என்மேல் வந்து விழுந்தது. நல்லாத்தான் இருக்கு, ஆனால் இது பிட்டெல்லோ என்று மாமி மெல்லச் சொன்னார்.

தகப்பன் ஆறியமர மென்று விழுங்கினார். அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையில் அறிய விரும்பிக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"தம்பி, பாரிசிலயும் அவிச்ச மாவிலயோ இது செய்யிறவை?"

சித்தப்பா கோப்பையைப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. அவித்த மா என்ற சொல் மெதுவாக உள்ளே போய் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காது சிவந்தது. இனித் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நடு வீட்டுக்குப் போனேன்.

"நான்தான் மா மாத்திக் குடுத்தனான். தண்ணி தெளிக்கச் சொன்னதும் நான்தான். சித்தப்பாவில பிழை இல்லை."

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை உண்மையான அழுகை. ஆனால் அது செய்த வேலையை நான் கண்ணீருக்கூடாகவும் கவனித்தேன். வீடு முழுக்க மூச்சு விட்டது. தரகர் தொடையில் தட்டிச் சிரித்தார். மாமி என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அப்பா கலண்டரை விட்டுத் திரும்பினார். சின்னப்பிள்ளை வேலைதானே, அதுதானே பார்த்தேன் என்று தகப்பனும் தலையாட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது. அடி விழும், விழட்டும். சித்தப்பாவின் கலியாணத்தைக் காப்பாற்றிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அழுததில்லை.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். கரண்டியை மேசையில் வைத்தார்.

"பிள்ளையைச் சொல்லி என்ன? மாவைக் கையில பிடிச்ச உடன சமையல்காரனுக்குத் தெரிய வேணும். எனக்குத் தெரியேல்லை. நான் அங்க சமைக்கிறேல்லை, ஐயா. கோப்பை கழுவுறன். அங்க போன நாளில இருந்து அதுதான் என்ர வேலை."

தரகரின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா ரோல்சைக் கீழே வைக்க இடம் தேடினார். தகப்பன் தன் கோப்பையை ஒரு விரலால் முன்னே தள்ளினார். அப்பா எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் அரைவாசி எழும்பி நின்றார். சித்தப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் இருந்த பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

பெண் மட்டும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் தகப்பனைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்னைப் பொம்பிளை பாக்க வந்த நாலு வீட்டு ஆக்களுக்கு முன்னால தேத்தண்ணித் தட்டோட வந்து நிண்டனான், அப்பா. எனக்கெண்டு ஒருத்தர் அடுப்படியில நிண்டது இதுதான் முதல் தரம்."

பிறகு கோப்பையைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வையுங்கோ."

சித்தப்பா வைத்தார். கரண்டி இந்த முறை சத்தம் போட்டதா என்று எனக்கு ஞாபகமில்லை. தகப்பன் மகளைப் பார்த்தார். பிறகு தள்ளி வைத்த கோப்பையைத் திரும்ப இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மாவின் ரோல்சும் முடிந்தது.

எனக்கென்றால் உலகமே இடிந்துபோயிருந்தது. என் சித்தப்பா கோப்பை கழுவுகிறவர். நாளைக்கு முன் வாங்குக்காரியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தப் பெண் இரண்டாந் தரம் வாங்கிச் சாப்பிட்டதைக் கூட, கலியாணந்தான் குழம்பிவிட்டதே, கிடைத்ததையாவது விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறா என்றுதான் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தப்பாமேல் எனக்குத் தீராத கோபம். அவருக்காகப் பழியை வலியப் போய் என் தலையில் ஏற்றினேன். எல்லாரும் நம்பியும் விட்டார்கள். பேசாமல் இருப்பதுதான் அவர் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை. அதைக்கூடச் செய்யத் தெரியாத மனிதரை என்னவென்பது? நான்கு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் கொண்டுவந்த சொக்கிளேற்றையும் அவர் பார்க்காத நேரத்தில்தான் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் மண்டைதீவிலிருந்து ஓம், சம்மதம் என்று பதில் வந்தது. அப்பா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். சித்தப்பா நேரே குசினிக்குப் போய், கழுவத் தேவையில்லாத சட்டிகளையெல்லாம் கழுவினார். அம்மா அவரைத் தடுக்கவில்லை.

தை மாதம் மண்டைதீவுக் கோயிலில் கலியாணம். நான் பூ பிடிக்கிற பிள்ளை. படம் எடுக்க எங்களை வாசலில் நிற்பாட்டியிருந்தபோது, மாப்பிள்ளை யாரோடோ கை குலுக்கப் போன சமயம் பார்த்து, புதுச் சித்தியைக் குனியச் சொல்லி அவர் காதுக்குள் என் மனதில் கிடந்ததைக் கொட்டினேன். அன்றைக்கு நான் சொன்னதோடு சித்தப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லாமல் இந்தக் கலியாணம் நடந்திருக்கும் என்றேன்.

சித்தி சிரிக்கவில்லை. என் கன்னத்தில் கை வைத்தார்.

"நடந்திராது, பிள்ளை," என்றார்.

பாவம், எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக வந்தவர், எல்லாம் போகப் போகத்தான் அவருக்கு விளங்கும் என்று நான் அவரை மன்னித்துவிட்டேன்.